ஓயாத பயணி அடோல்

கேள்வி: ஜப்பானின் 'ஈஸ்' வீடியோ கேம் வரிசை இத்தனை ஆண்டுகள் நிலைத்தது எப்படி?

பதில்: 1987இல் நிஹோன் ஃபால்காம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் வாள் வீசத் தனிப் பொத்தானே கிடையாது, எதிரிமீது சற்று விலகி மோதினால் போதும். யூஸோ கோஷிரோவின் இசை அந்த வேகத்துக்கு உயிர் கொடுத்தது. 2009இல் வந்த 'ஈஸ் செவன்', தோழர்களையும் களத்தில் இறக்கியது. 2016இல் வந்த எட்டாம் பாகத்தில், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்கள் ஒன்றுகூடிக் குடியிருப்பு அமைக்கிறார்கள். நெஞ்சைத் தொடும் கதை. சண்டைமுறை எத்தனை மாறினாலும், செம்முடி நாயகன் அடோலின் ஊர்சுற்றும் ஆவல் மாறவே இல்லை. அதுதான் இந்த வரிசையின் உயிர்நாடி. பெரும்பாலும் தனித்தனிக் கதைகள் என்பதால், நீங்கள் எட்டாம் பாகத்திலிருந்தே தொடங்கலாம்.