கடற்பறவைகளில் பெற்றோரின் வயதும் குஞ்சு வளர்ப்பும்

அனுபவமே ஆசான் என்பார்கள். இது மனிதருக்கு மட்டுமன்று, கடற்பறவைகளுக்கும் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள ஊர் நார்த் ஷீல்ட்ஸ். அங்கு ஒரு பண்டகசாலையின் ஜன்னல் விளிம்புகளில் கிட்டிவேக் என்னும் கடற்பறவைகள் கூடு கட்டின. ஜான் கோல்சன் என்னும் அறிஞர் 1954 முதல் அவற்றின் கால்களில் வளையமிட்டு ஆண்டுதோறும் கவனித்தார். இளம் பறவைகள் தாமதமாகவும் குறைவாகவும் முட்டையிட்டன. அனுபவமுள்ளவை முன்னதாகவே முட்டையிட்டு, அதிகக் குஞ்சுகளை வளர்த்தன. பழைய துணையுடனேயே சேர்ந்தவை புதுத்துணை கொண்டவற்றைவிட நன்றாக வெற்றி பெற்றன.

இதற்குக் காரணம் யாது? ஆல்பட்ராஸ் பறவையைப் பார்ப்போம். பசிபிக் பெருங்கடலில் வாழும் லேசன் ஆல்பட்ராஸ் ஒரு பருவத்தில் ஒரே முட்டைதான் இடும். சுமார் 65 நாட்கள் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று கூட்டில் பசியோடு காத்திருக்க, மற்றது நெடுந்தூரம் சென்று இரை தேடும். சென்றது உரிய காலத்தில் திரும்பாவிடில், காத்திருப்பது முட்டையை விட்டுச் சென்றுவிடும். அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் வீணாகும். இரை கிடைக்குமிடம் அறிவதும், துணையின் முறை அறிந்து திரும்புவதும் பல ஆண்டுப் பழக்கத்தால் வருபவை.

எனினும் வயது ஏறிக்கொண்டே போனால் வெற்றியும் ஏறிக்கொண்டே போவதில்லை. நடுவயதில் உச்சத்தை எட்டி, மிக முதிர்ந்த வயதில் குறைவதைப் பல கடற்பறவை இனங்களில் கண்டுள்ளனர். இதற்கு வியப்பான விலக்கு, மிட்வே தீவிலுள்ள 'விஸ்டம்' என்ற லேசன் ஆல்பட்ராஸ். 1956-இல் அதற்கு வளையமிட்டபோதே குறைந்தது 5 வயது இருக்கும் என மதித்தனர். 2024-இன் இறுதியில், ஏறத்தாழ 74 வயதில், அது மீண்டும் முட்டையிட்டது. 2025-இன் தொடக்கத்தில் குஞ்சும் பொரிந்தது!

இத்தகைய பறவைகள் பல, மீன்பிடிக் கப்பல்களின் நீண்ட தூண்டில் கயிறுகளில் சிக்கி மடிகின்றன. ஒரு தாய் மடிந்தால் கூட்டிலுள்ள குஞ்சும் பட்டினியால் இறக்கும். தந்தை மட்டும் அதை வளர்க்க இயலாது. அவ்விடத்தை நிரப்ப வரும் இளம் பறவை முட்டையிடத் தொடங்கவே சுமார் 8 ஆண்டுகள் ஆகும். தேர்ச்சி பெற மேலும் காலம் வேண்டும். கப்பலின் பின்னே நாடாக்களைப் பறக்கவிட்டுப் பறவைகளை விலக்கும் எளிய வழி இன்று உண்டு. அனுபவமுள்ள ஒரு பறவையைக் காப்பது, அது இனி வளர்க்கப்போகும் குஞ்சுகள் அனைத்தையும் காப்பதாகும் என்பதை நாம் உணர்வோமாக.