ஈர்ப்பு விசையும் ஏனைய மூன்று விசைகளும்



தையல் ஊசி ஒன்றைத் தரையில் போட்டு, அதன் அருகே ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். ஊசி துள்ளி எழுந்து ஒட்டிக் கொள்ளும். அதைப் பார்க்கும் பிள்ளை, "வாப்பா! இவ்வளவு பெரிய பூமி கீழே இழுக்கும்போது, இந்தத் துண்டுக் காந்தம் எப்படி ஜெயித்தது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இம்மாதம் அதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

இயற்கையில் இதுவரை அறியப்பட்ட அடிப்படை விசைகள் நான்கு.

1. ஈர்ப்பு விசை: பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பது.

2. மின்காந்த விசை: மின்சாரம், காந்தம், ஒளி ஆகியவை இதில் அடங்கும்.

3. வலிய விசை: அணுக்கருவைச் சிதறாமல் பிணைப்பது.

4. மெலிய விசை: அணுக்கருவில் ஒருவகைத் துகள் மற்றொன்றாக மாறக் காரணமாவது.

பின்னிரண்டும் அணுக்கருவின் எல்லைக்குள்ளேயே அடங்கி விடுகின்றன. முன்னிரண்டும் நெடுந்தூரம் எட்டுகின்றன. 1687இல் நியூட்டன் ஈர்ப்புக்குச் சொன்ன விதியும், 1785இல் கூலும் மின்விசைக்குக் கண்ட விதியும் ஒரே அமைப்புடையவை. தூரம் இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகி விடும்.

ஆனால் வலிமையில் எத்துணை வேறுபாடு! இரண்டு புரோட்டான்களுக்கிடையே உள்ள மின்விசை, ஈர்ப்பைவிட ஒன்றுக்குப் பின் 36 பூஜ்யங்கள் இட்ட மடங்கு பெரிது. ஊசி எழுந்த ரகசியம் இதுதான்.

அப்படியானால் கோள்களை ஈர்ப்பு ஆள்வது எப்படி? மின்னில் நேர், எதிர் என இரண்டுண்டு. பெரிய பொருள்களில் அவை ஏறக்குறைய சமமாக இருந்து ஒன்றையொன்று ஈடு செய்து விடுகின்றன. ஈர்ப்புக்கோ எதிரி இல்லை. அது சேரச் சேரப் பெருகுகிறது.

நான்கும் கூடி உழைப்பதைச் சூரியனில் காணலாம். ஈர்ப்பு அதன் வாயுவை உள்நோக்கி அமுக்குகிறது. மின்விசை புரோட்டான்களை விலக்கித் தள்ளுகிறது. கடும் வெப்பத்தில் மோதி மிக நெருங்குபவற்றை வலிய விசை பற்றுகிறது. அவை நிலைத்து இணைய, ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும். அது மெலிய விசையின் வேலை. மிக மிக அரிதாகவே நடக்கும். அந்த நிதானத்தால்தான் சூரியன் ஒரேயடியாக வெடித்து விடாமல் 450 கோடி ஆண்டுகளுக்கு மேலாக எரிந்து வருகிறது.

இந்நான்கும் மூலத்தில் ஒன்றுதானா? மின்சாரமும் காந்தமும் ஒன்றின் இரு முகங்களே என்று 1860களில் மாக்ஸ்வெல் காட்டினார். மின்காந்த விசையையும் மெலிய விசையையும் இணைத்ததற்காகப் பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் ஸலாம், அமெரிக்கர்களான கிளாஷோ, வைன்பர்க் ஆகிய மூவரும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கொள்கை முன்னறிவித்த துகள்கள் 1983இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக் கூடத்தில் அகப்பட்டன.

ஈர்ப்பு மட்டும் தனித்து நிற்கிறது. ஏனைய மூன்றையும் துகள்களின் கொடுக்கல் வாங்கலாக விளக்குகிறார்கள். ஈர்ப்பையோ, காலமும் இடமும் வளைவதாக 1915இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். 1955இல் இறக்கும்வரை அவர் முயன்றும் அதை மின்காந்தத்தோடு இணைக்க இயலவில்லை. அவருக்குப் பின் பல கொள்கைகள் எழுந்தன. எதையும் சோதனை இன்றுவரை உறுதி செய்யவில்லை. அணு அளவில் ஈர்ப்பு அத்தனை பலவீனமானது, சோதனையில் பிடிபடுவதில்லை.

ஆகவே, "நான்கும் ஒன்றே என்று விஞ்ஞானம் நிரூபித்து விட்டது" என்று எவரேனும் மேடையில் முழங்கினால், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்து விடாதீர்கள். உறுதியாகாத ஒன்றின் மீது எழுப்பும் வாதம், நாளை அது மாறும்போது சரிந்து விடும். வாதத்தை நம்பிய பிள்ளையின் மனமும் தளரும். காந்தத்தைப் பற்றிக் கேட்டால் விடை சொல்லுங்கள். நான்கும் ஒன்றா என்று கேட்டால், "இன்னும் தெரியவில்லை, தேடுகிறார்கள், நீயும் படித்துத் தேடு" என்று சொல்லுங்கள். அதுவே நேர்மையான பதில்.