டேங்க் தூக்குகிறவருக்குச் சட்டம் என்ன சொல்லுது?

இயற்கை விவசாயப் பத்திரிகையில் நஞ்சு தெளிக்கிற சட்டத்தைப் பற்றி எதற்குப் பாடம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம நம்ம தோட்டத்துல அதை அடிக்கிறதில்லை. ஆனா நம்ம தோட்டத்துல இன்னிக்குக் களை எடுக்கிற ஆளே நாளைக்குப் பக்கத்துப் பருத்திக் காட்டுல டேங்க் தூக்குறார். அவருக்கு வாந்தி, மயக்கம்னா முதல்ல ஓடிப்போய் நிக்கப்போறது நாமதான். இயற்கைக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டே இன்னும் பாதி நிலத்துக்கு மருந்து அடிக்கிற நண்பர்களும் இதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். கடையில் போய் 'மருந்து கொடுங்க' என்கிறோம். டப்பாவின் மேல் 'நஞ்சு' என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறது. சட்டம் அதை நஞ்சு என்று அச்சடிக்கச் சொல்கிறது, நாம்தான் மருந்து என்கிறோம். மருந்து என்று சொல்லிப் பழகின கை, அதை வெறும் கையால் கலக்கவும் துணிகிறது.

சட்டம் எப்படி வந்தது

1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்துபோன கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகத்தான் பூச்சிக்கொல்லிகள் சட்டம் 1968-ல் வந்தது. அதற்கான விதிகள் 1971-ல் வந்தன. இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது அந்தச் சட்டமும் விதிகளும்தான். மாற்றாக 2008-லும் 2020-லும் மாநிலங்களவையில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. இரண்டும் சட்டமாகவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். சட்டம் பிறந்தது சாப்பாட்டில் விஷம் கலந்ததால். தெளிக்கிறவன் உடம்பில் விஷம் ஏறியதால் அல்ல. அதனால்தானோ என்னவோ, தயாரிக்கிறவர், விற்கிறவர், இறக்குமதி செய்கிறவர் எல்லாருக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தெளிக்கிறவரை ஓரமாக நிறுத்தியிருக்கிறது.

விதிகளில் இருப்பது

1971 விதிகளைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 37-ஆம் விதி சொல்கிறது: பூச்சிக்கொல்லியோடு புழங்குகிற வேலைக்கு, தெளிக்கிற வேலை உள்பட, ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யணும். அதன் பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்கணும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை நஞ்சோடு வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்க்கணும். இந்த வகை நஞ்சு நரம்பை முடக்குவது அந்த நொதியைக் கட்டிப்போட்டுத்தான். உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கு என்பதை, ஆள் விழுவதற்கு முன்பே அந்த ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

39-ஆம் விதி உடுப்பைப் பற்றியது. நஞ்சு ஊடுருவாத, துவைக்கக்கூடிய மேலுடை, தலைக்கு மூடி அல்லது தொப்பி, முன்கையில் பாதிவரை வரும் ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ். இவ்வளவும் சேர்ந்தால்தான் முழு உடுப்பு. மூச்சுக் கவசத்துக்கு 40-ஆம் விதி. தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் தெளிப்பு நடத்துகிறவரும் ஆட்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்பது 42-ஆம் விதி. காலி டப்பாக்களை வெளியில் போடக்கூடாது, உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கணும், கழுவின தண்ணீர் நீர்நிலையில் சேரக்கூடாது என்பது 44.

இதுல எத்தனை உங்க ஊர்ல நடக்குது? மாசம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்த கூலியாள் ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கதவு எங்கே சாத்தப்படுகிறது

விதிகள் நல்லா இருக்கே, ஏன் நடக்கலை? அதிகாரிகள் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 38-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் தன் வீட்டு உபயோகத்துக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தன் சாகுபடியில் உள்ள நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. விவசாயியை இன்ஸ்பெக்டர் தொல்லையிலிருந்து காப்பாற்றுவதற்காக வைத்த வரி என்று இதை எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் காட்டில் சொந்தக் கையால் அடிக்கிறவருக்கு அது சரி. அதே காட்டில் கூலிக்கு அடிக்கிற ஆளுக்கு? அவர் நிலம் இல்லை, அவர் சாகுபடி இல்லை. உடம்பு மட்டும் அவருடையது. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். காசுக்காகப் பூச்சி ஒழிப்பு வேலை செய்கிறவருக்கு விதிகளில் உரிமம் உண்டு. அதற்குப் பட்டப் படிப்பு வேண்டும், அரசு நிறுவனத்தில் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும். நகரத்தில் கரையான் மருந்து அடிக்கிற கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது இதைத்தான். வயலில் காசுக்குத் தெளிக்கிறதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. இப்போது பூச்சிக்கொல்லிக் கடை வைப்பதற்கே அறிவியல் அல்லது வேளாண்மைப் படிப்பு கேட்கிறார்கள். விற்கிறவருக்குப் படிப்பு, வீட்டில் அடிக்கிறவருக்கு உரிமம். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி நாள் முழுக்க நனைகிறவருக்கு மட்டும் ஒண்ணுமில்லை. ட்ரோனுக்குக்கூட 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் தனியாக நடைமுறை வகுத்துக் கொடுத்துவிட்டது!

அதற்காக நிலக்காரர் கையைக் கழுவிவிட முடியாது. நச்சுப் பொருளை அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாகக் கையாள்வது பொதுவான குற்றவியல் சட்டப்படியே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 284-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 286. இதில் 'சொந்த நிலம்' என்ற விலக்கு கிடையாது. 'நான் ஆளைத்தானே விட்டேன், நானா அடிச்சேன்' என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்கிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

2017-ல் நடந்தது

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017 மழைக்காலத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பார்வை மங்கிப் போனவர்கள் பலர். அதே ஆண்டு நம்ம பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலிருந்தும் சாவுச் செய்தி வந்தது.

அந்த வருஷம் பருத்தி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்திருந்தது. ஆக, தெளிக்கிறவர் குனிந்து அடிக்கவில்லை, தலைக்கு மேலே தூக்கி அடித்தார். அடித்தது அவர் முகத்திலேயே இறங்கியது. கைப்பம்புக்குப் பதிலாக வேகமாகப் பீய்ச்சுகிற பவர் ஸ்பிரேயர். பூச்சி சாகவில்லை என்று இரண்டு மூன்று நஞ்சைச் சேர்த்துக் கலந்தார்கள். சேர்த்துக் கலந்தால் என்ன ஆகும் என்று எந்த லேபிளிலும் இல்லை, ஏனென்றால் அந்தக் கலவையை யாரும் பதிவு செய்யவில்லை. மேலே வெயில், உடம்பில் வேர்வை. வேர்த்த தோல் வழியாக நஞ்சு இன்னும் வேகமாக உள்ளே போகும். இதில் எது ஒன்றும் யவத்மாலுக்கு மட்டும் சொந்தமில்லை.

மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வயலில் தெளிக்கும்போது உடம்புக்குள் போகிற நஞ்சில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது. ஒழுகுகிற டேங்க் முதுகை நனைத்து, இடுப்பில் இறங்கி, தொடையிடுக்குக்குப் போகிறது. முன்கைத் தோலைவிட அந்த இடத்துத் தோல் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். நனைந்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டே அடித்தால் அது கவசம் இல்லை, நஞ்சில் நனைத்த ஒத்தடம். எல்லாவற்றையும்விட ஆபத்து, தண்ணீர் சேர்க்காத நஞ்சை மூடியில் அளந்து ஊற்றுகிற அந்த ரெண்டு நிமிஷம். கையுறை போடுகிற கொஞ்சம் பேரும் டேங்கைத் தூக்கிய பிறகுதான் போடுகிறார்கள்.

'ஏண்ணே, கோட்டு பூட்டெல்லாம் போட்டுக்கிட்டு இந்த வெயில்ல நிக்க முடியுமா?' என்று ஒரு தெளிப்பாளர் கேட்டார். முடியாது. சித்திரை வெயிலில் நஞ்சு புகாத உடுப்புக்குள் ஒரு மணி நேரம் நின்றால் மயங்கி விழ வேண்டியதுதான். அவரைத் திட்டிப் பயனில்லை. ஐநா உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை நடத்தை நெறி இதற்கு நேரான பதில் சொல்கிறது: அசௌகரியமான, விலை கூடின, எளிதில் கிடைக்காத கவச உடை போட்டால்தான் கையாள முடியும் என்கிற நஞ்சுகளைத் தவிர்க்க வேண்டும், அதிலும் வெப்பமான நாடுகளில் சிறு விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளர்களும் பயன்படுத்துகிற இடத்தில். உடுப்பைப் போட முடியவில்லை என்றால் தப்பு ஆள்மேல் இல்லை, அந்த நஞ்சை இந்த வெயிலில் விற்பதில் இருக்கிறது. நம் இயக்கம் பேச வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

தடை செய்கிற அதிகாரம் மத்திய அரசிடம். மாநில அரசு 27-ஆம் பிரிவின்படி விற்பனையை 60 நாளுக்கு நிறுத்தலாம், மேலும் 30 நாள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 பூச்சிக்கொல்லிகளைத் தமிழக அரசு இப்படி 60 நாளுக்கு நிறுத்தியது, தற்கொலைகளைக் குறைப்பதற்காக. 60 நாள் முடிந்தால் டப்பா மறுபடியும் அலமாரிக்கு வந்துவிடும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதில் கீழ்ப்பாதி நிறம்தான் விஷயம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மண்டையோடும் இருக்கும். அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், பச்சை கடைசி. இது வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் எவ்வளவில் சாவு என்பதை வைத்துப் பிரித்தது. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை, பல வருஷம் கழித்து வருகிற நோயை அந்த நிறம் சொல்லவும் சொல்லாது. உள்ளே மடித்து வைத்திருக்கிற துண்டுப் பிரசுரத்தில் விஷ அறிகுறி, முதலுதவி, மாற்று மருந்து எல்லாம் வட்டார மொழியிலும் இருக்கணும் என்பது விதி. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். ஒருத்தர் விழுந்தால் எந்தக் கடை, எந்தச் சரக்கு என்று நிரூபிக்க அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ஆள் விழுந்துவிட்டால்: எச்சில், கண்ணீர், வேர்வை கொட்டுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, சதை துடிப்பது, இவை ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சின் அடையாளம். துணியைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு உடம்பு, தலைமுடி, நகம் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளணும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால், எண்ணெய், புளிக்கரைசல் எதுவும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். டப்பாவைப் பார்த்தால்தான் அட்ரோபின் போடுவதா, வேறு வழியா என்று டாக்டர் முடிவு செய்வார். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

நம்ம தோட்டத்துக்கும் கொஞ்சம்

இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். புகையிலைக் கரைசலில் இருக்கிற நிகோட்டின் தோல் வழியாக ஏறி மயக்கம் தரும். அக்னி அஸ்திரம் கொதிக்கும்போது ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். போர்டோ கலவைக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணாடி வேண்டும், கையுறை வேண்டும். களைக்கொல்லி அடித்த டேங்கை வாடகைக்கு வாங்கி அதிலேயே மீன் அமிலம் ஊற்றி அடிக்காதீர்கள், பயிர் கருகும். ஓரத்தில் பக்கத்துக் காட்டுச் சாரல் வந்தால் தேதி, நேரம், காற்றடித்த திசையைக் குறித்து வையுங்கள். சான்றிதழ் ஆய்வுக்கு அது உதவும்.

அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் வைக்கலாம். பூச்சிக்கொல்லி நச்சு பாதிப்பு எது வந்தாலும் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவிக்கை போட 26-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற ஒவ்வொரு நச்சு பாதிப்பும் பதிவேட்டில் ஏறி வேளாண் துறைக்குப் போகணும், அட்ரோபின் எப்போதும் இருப்பில் இருக்கணும், தெளிப்புக் கூலியாட்களுக்குப் பருவத்துக்கு ஒரு தடவையாவது கோலினெஸ்டரேஸ் பார்க்கணும் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எழுதும்போது டேங்க் தூக்குகிற ஆட்களையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவங்க கையெழுத்து முதல்ல இருக்கட்டும்.