லயம் இடிந்தால் எங்கே போவது?

கேள்வி: இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் மண்சரிவு அபாயத்தால் லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பை) விட்டு வெளியேறும் குடும்பம் உடனடியாக யாரிடம் உதவி கேட்கலாம்?

பதில்: முதலில் கவனிக்க வேண்டியது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேற வேண்டும். அறிவிப்பு வராமலும் சரிவு நேரலாம். சுவரில் புதிய வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, ஊற்றில் கலங்கிய நீர், சாயும் மரம் ஆகியவை முன்னடையாளங்கள். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயமே மண்ணுக்குள் புதைந்தது.

ஆபத்து நேரத்தில் அழைக்க வேண்டிய இலக்கம் 117; அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குரியது. அடுத்து கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவிக்க வேண்டும். பாடசாலை, கோயில் மண்டபம் போன்ற இடங்களில் தற்காலிக முகாம் அமைக்கப்படும். உணவும் உலருணவும் பிரதேச செயலகம் வழியாக வரும். முகாமில் குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களின் பெயரையும் பதிவது முக்கியம். பின்னர் நிவாரணம் கேட்க அந்தப் பதிவே ஆதாரம்.

நிரந்தர வீடுதான் சிக்கலானது. லய அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லை. தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுடையது, கம்பனிகளிடம் குத்தகையில் இருப்பது. எனவே மாற்றுக் காணிக்கு அரசும் நிர்வாகமும் சேர்ந்தே இணங்க வேண்டும். அதற்கான கோரிக்கையைப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றில் திகதி முத்திரை பெறுவது நல்லது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் எப்போதும் தயாராக வைத்திருந்தால், ஓடும் நேரத்தில் தேட வேண்டியிராது.