சட்டம் எட்டாத புகை



மூடிய பொது இடங்களில் புகைத்தலை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் தடைசெய்துள்ளது. தனிமனித சுதந்திரத்தில் கைவைப்பதாகச் சிலர் முறையிடுவர். தம் நுரையீரல் தமக்கே சொந்தமென வாதிடலாம்; பக்கத்தில் இருக்கும் கர்ப்பிணியின் நுரையீரல் யாருக்குச் சொந்தம்? “கொலை செய்யாதே” என்னும் ஐந்தாம் கட்டளை பிறர் உடல்நலத்தையும் பேணச் சொல்கிறது.

புகையிலையும் சுருட்டும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டவை; மறுக்கவில்லை. ஆயினும் வருமானம் போனாலும் போகட்டுமென்று வத்திக்கான் 2018 முதல் தன் கடையில் சிகரெட் விற்பதை நிறுத்தியது.

நமது செத்தவீட்டுக்குச் சட்டம் வராது. வெற்றிலைத் தட்டோடு சுருட்டும் வைத்து, செபமாலை சொல்லும் பிள்ளைகளின் முகத்தில் புகைவிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அடுத்தமுறை சுருட்டை வையாது விடுங்கள். எவரும் கோபித்து எழும்பிப் போகமாட்டார்.