கன்னிப் பிறப்பும் கடவுள் தன்மையும்

டிசம்பர்த் திங்கள் வரும்பொழுதெல்லாம் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வினா எழுவதுண்டு. கிறித்தவப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள், "இயேசுநாதர் தந்தையின்றிக் கன்னியிடம் பிறந்தாராமே, அதனால்தான் அவர் கடவுளா?" என்று கேட்கின்றனர். பெற்றோருள் சிலர், "இத்தகைய கதைகள் எல்லா மதங்களிலும் உண்டு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அவ்விடை பிள்ளையின் வாயை அடைக்குமேயன்றி அறிவை வளர்க்காது. மேலும், பிறர் சமயத்தைப் பற்றி ஆராயாமல் உரைக்கும் சொல் நாம் போற்றும் வாய்மை விரதத்துக்கும் இழுக்காகும். ஆதலின் இப்பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பிள்ளை கேட்டது ஒரு வினாவாகத் தோன்றினும், அதனுள் இரண்டு அடங்கியுள்ளன. இயேசு எவ்வாறு பிறந்தார் என்பது ஒன்று; அவர் கடவுளா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே குழப்பத்திற்குக் காரணம்.

பழைய நாடுகளின் பிறப்புக் கதைகள்

கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட் அரசி, தேர் எல்-பஹ்ரி என்னும் இடத்தில் தாம் எழுப்பிய கோயிலின் சுவரில் தம் பிறப்பைச் செதுக்குவித்தார். அமுன் தேவன் மன்னனின் உருக்கொண்டு வந்து அரசியைக் கூடியதால் தாம் பிறந்ததாக அச்சிற்பங்கள் கூறுகின்றன. பெண்ணாகிய தமக்கு அரியணை உரிமை உண்டு என நிலைநாட்டவே அவர் இதனைச் செய்தார் எனலாம்.

கிரேக்கர் கதையில், சிறையிலிருந்த டானாயீயிடம் சீயுஸ் தேவன் பொன்மழையாக இறங்க, பெர்சியுஸ் பிறந்தான். உரோமாபுரியை நிறுவிய ரோமுலஸ், கன்னிமை காக்கும் நோன்பு பூண்ட ரியா சில்வியாவுக்கும் மார்ஸ் தேவனுக்கும் பிறந்தவன் என்பர். அலெக்சாந்தரைச் சீயுசின் மகன் என்றும், அகஸ்டஸ் பேரரசரை அப்பல்லோவின் மகன் என்றும் கூறும் கதைகளும் இருந்தன. பாரசீகரின் சரதுஷ்டிர சமய நூல்களோ, இறுதிக் காலத்தில் உலகைப் புதுப்பிக்க வரும் சௌஷ்யந்த் என்பவர், ஓர் ஏரியில் காக்கப்பட்டுவரும் சரதுஷ்டிரரின் வித்தினால், அங்கு நீராடும் கன்னியிடம் தோன்றுவார் என உரைக்கின்றன. நம் நாட்டுப் பாரதக் கதையில், மணமாகாத குந்தி சூரியனால் கர்ணனைப் பெற்றாள். ஆயினும் கர்ணன் கடவுளாக எண்ணப்பட்டானல்லன். தேரோட்டி மகன் என்றே இகழப்பட்டான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒப்பிடுவதில் வேண்டும் கவனம்

இவற்றைக் கண்ட சிலர், 19-ஆம் நூற்றாண்டு முதல் நீண்ட பட்டியல்களை எழுதி, ஹோரஸ், மித்ரன், கண்ணன், புத்தர் ஆகிய அனைவரும் கன்னியிடம் பிறந்தவர்களே என்று வாதிட்டனர். மூலக் கதைகளை நோக்குங்கால் இது பொருந்தவில்லை. ஹோரசின் தாய் ஐசிஸ், மாண்ட தன் கணவனாகிய ஒசிரிசால் கருவுற்றவள். உரோமானியச் சிற்பங்களில் மித்ரன் பாறையிலிருந்து வெளிப்படுகின்றான். அங்கே தாயே இல்லை. கண்ணன், வசுதேவருக்கும் தேவகிக்கும் எட்டாவது மகவு என்பது பாகவத மரபு. மாயாதேவி வெள்ளை யானையைக் கனவில் கண்டாள் என்பது உண்மையே. ஆனால் அவள் சுத்தோதனரின் மனைவி.

கிரேக்க, உரோமக் கதைகளில் தேவன் ஏதேனும் ஓர் உருவில் வந்து பெண்ணைக் கூடுகின்றான். கிறித்தவரின் நற்செய்தி நூல்களிலோ கூடல் என்பதே இல்லை. பரிசுத்த ஆவியின் ஆற்றலால் மரியாள் கருவுற்றாள் என்று மட்டுமே உள்ளது. ஆகவே, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என எளிதில் முடிவு செய்தல் இயலாது. எனினும், ஒப்புமையே இல்லை என்பதும் பொருந்தாது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்னும் கிறித்தவ அறிஞர், உரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், பெர்சியுசின் பிறப்பைத் தாமே எடுத்துக்காட்டினார். பெரியோரின் பிறப்பு வியப்புக்குரியதாய் இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்து மக்களிடம் பரவலாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

கிறித்தவ நூல்கள் கூறுவது

கிறித்தவ நூல்களுள் காலத்தால் முந்தியவை, கி.பி. 50-ஐ ஒட்டித் தொடங்கிப் பவுல் எழுதிய நிருபங்கள். அவற்றில் இயேசு ஒரு பெண்ணிடம் பிறந்தவர் என்பது உண்டு. கன்னி என்னும் சொல் இல்லை. கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டதாக ஆய்வாளர் கருதும் மாற்கு நற்செய்தி, இயேசு வளர்ந்தபின் பெற்ற திருமுழுக்கிலிருந்தே தொடங்குகின்றது. அதற்குப் பின் தோன்றிய மத்தேயு, லூக்கா ஆகிய இரு நூல்களில் மட்டுமே கன்னிப் பிறப்பு கூறப்படுகின்றது. இவ்விரண்டும் நிகழ்ச்சிகளில் பெரிதும் வேறுபடினும், கன்னி மரியாள், பெத்லகேம், பரிசுத்த ஆவி ஆகியவற்றில் ஒத்துள்ளமையால், இச்செய்தி இந்நூல்களுக்கும் முந்தையது என்பர்.

மத்தேயு தமக்குச் சான்றாகக் காட்டுவது ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், இரு பகை மன்னரைக் கண்டு அஞ்சிய ஆகாஸ் அரசனுக்குக் கூறப்பட்ட வாக்கு அது. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல் 'அல்மா'. இளம்பெண் என்பது அதன் பொருள். பின்னர் அந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'பார்த்தெனோஸ்' என எழுதினர். அச்சொல் பொதுவாகக் கன்னியைக் குறிக்கும். மத்தேயு எடுத்தாண்டது இக்கிரேக்கச் சொல்லையே. 1952-இல் முழு விவிலியமாக வெளிவந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று அவ்விடத்தில் 'இளம்பெண்' என அச்சிட்டபோது, அமெரிக்காவில் பெருங்கண்டனம் எழுந்தது. ஒரு சொல்லின் பெயர்ப்பு எத்துணை ஆழமாக மக்கள் உள்ளத்தைத் தொடுகின்றது என்பதற்கு இது சான்று.

பிறப்பு வேறு, கடவுள் தன்மை வேறு

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். இயேசுவின் கடவுள் தன்மையை மிக உயர்வாகப் பேசுவது யோவான் நற்செய்தி. ஆதியில் கடவுளோடிருந்த வார்த்தையே மனிதனானது என்று அது தொடங்குகின்றது. ஆனால் கன்னிப் பிறப்பைக் கூறவில்லை. இதற்கு மாறாக, இசுலாமியரின் திருக்குர்ஆன் இயேசு கன்னி மரியாளிடம் பிறந்ததை ஒப்புக்கொள்கின்றது; எனினும் அவரைக் கடவுள் என்றோ, கடவுளின் மகன் என்றோ கொள்வதை மறுக்கின்றது. தந்தையும் தாயுமின்றித் தோன்றிய ஆதாமுக்கு அவரை ஒப்பிடுகின்றது. ஒன்று, பிறப்பைக் கூறாமலே கடவுள் என்கின்றது. மற்றொன்று, பிறப்பை ஏற்றும் கடவுள் அல்லர் என்கின்றது. இவ்விரண்டும் தனித்தனிக் கொள்கைகள் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய சங்கத்தின் வழக்கும் பிறப்பைப் பற்றியதன்று. குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் ஆரியுஸ். அவர் பிதாவோடு ஒரே பொருளாயிருப்பவர் எனத் தீர்மானித்தது சங்கம். அச்சங்கத்தின் விசுவாச அறிக்கையில் மரியாளின் பெயரே இல்லை; கி.பி. 381-இன் அறிக்கையில்தான் அது இடம்பெற்றது. கி.பி. 451-இல் கல்கதோன் சங்கம், இயேசு முழுக் கடவுளும் முழு மனிதருமாவார் என வரையறுத்தது.

நாம் கொள்ளத்தக்கது

வியப்புக்குரிய பிறப்புச் செய்திகள் நம்மிடமும் உண்டு என்பதை மறத்தலாகாது. மகாவீரரின் தாயார் பதினாறு கனவுகள் கண்டதும், மேருமலையில் இந்திரன் திருமுழுக்காட்டியதும் நாம் போற்றிப் படிப்பவையே. இவற்றை வணங்கும் நாம் பிறர் வணங்குவதை நகைத்தல் முறையன்று. ஆயினும், மகாவீரர் சித்தார்த்தருக்கும் திரிசலா தேவியாருக்கும் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு ஆண்டுத் தவத்தால் காதி வினைகளைக் கெடுத்துக் கேவலஞானம் எய்தியமையாலேயே அருகரானார். பிறப்பின் சிறப்பு முற்பிறவிகளில் ஈட்டிய நல்வினையின் பயன். வணங்கத்தக்க நிலையோ வினை வென்றதன் பயன்.

ஆகவே, பிள்ளை மீண்டும் வினவினால் இவ்வாறு கூறுவோம்: "கன்னிப் பிறப்பு கிறித்தவர்களின் நம்பிக்கை. அவர்கள் இயேசுவைக் கடவுள் என்பதற்கு அது மட்டுமே காரணமன்று. நாம் ஒருவரை வணங்குவது அவர் வென்ற வினைகளைக் கொண்டு. உன் தோழனின் வழிபாட்டை இகழாதே. உன் நெறியையும் மறவாதே." உண்மையும் பணிவும் ஒருங்கே அமைந்த இவ்விடையே பிள்ளையின் அறிவையும் நட்பையும் காக்கும்.

வளர்க நல்லறம்!