டிரை வாஷ் முடிந்த பட்டு பீரோவுக்குப் போகும் முன்

கல்யாண மாதம் முடிந்தால் சேலம் அஸ்தம்பட்டி வீடுகளிலிருந்து பட்டுச்சேலையும் சேலம் வெண்பட்டு வேட்டியும் டிரை வாஷுக்குப் போகும். பெயரில்தான் உலர்வு இருக்கிறது. துணி நனையத்தான் செய்கிறது, தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பானில். அப்படிப்பட்ட கரைப்பான்களில் உலகெங்கும் அதிகம் புழங்கியது பெர்குளோரோஎத்திலீன், சுருக்கமாக ‘பெர்க்’. 1821-ல் மைக்கேல் ஃபாரடே முதலில் தயாரித்தார். இரண்டு கார்பன் அணுக்களோடு நான்கு குளோரின் அணுக்கள் சேர்ந்த திரவம் இது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், பட்டைச் சுருக்காது, தீப்பிடிக்காது.

தீப்பிடிக்காது என்பதால் தீங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களில் ஒன்றாக இதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சலவைக்கடைகளில் இதைப் பத்தாண்டுக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நாம் செய்ய வேண்டியவை இவை:

1. தேவையா என்று பாருங்கள். கறையில்லாமல் இரண்டு மணி நேரம் மட்டும் உடுத்திய பட்டுக்கு நிழலில் காற்றாட விடுவதே போதும்.

2. கறையைச் சொல்லிக் கொடுங்கள். நெய், எண்ணெய்க் கறைகளைப் பெர்க் எடுக்கும். பாயசம், வியர்வை போன்றவற்றுக்குத் தண்ணீர் வேண்டும்.

3. எந்தக் கரைப்பான் என்று கேளுங்கள். பெட்ரோலிய வகை என்றால் அது தீப்பிடிக்கும்.

4. வாங்கும்போது இனிப்பு கலந்த நெடி தூக்கலாக வந்தால், இன்னும் உலர்த்தித் தரச் சொல்லுங்கள். காரில் கொண்டுவந்தால் கண்ணாடியை இறக்கி வையுங்கள்.

5. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றுங்கள். நெடி அறவே போகும்வரை வெளித் தாழ்வாரத்தில் நிழலில் தொங்கட்டும்; வெயில் சாயத்தை வெளுக்கும். பிறகு பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். நெடி போகும்வரை குழந்தைகள் தூங்கும் அறைக்குள் வேண்டாம்.

6. இந்தத் திரவத்தை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். அடுப்புத் தீயில் இதன் ஆவி பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் உண்டாகும். சாக்கடையில் ஊற்றினாலும் தண்ணீரைவிட 1.6 மடங்கு கனமான இது நிலத்தடி நீரின் அடிவரை இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

கடையில் வேலை செய்வோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆவி காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு கனம் என்பதால் தரையோரம் தேங்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் தாழ்வாகவும் இருக்க வேண்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மெல்லிய ரப்பர் கையுறையும் போதாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மயங்கியவரை, மூக்கைப் பொத்திக்கொண்டு தனியாக உள்ளே போய் இழுக்காதீர்கள். கதவுகளைத் திறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

அவசரமாகத் திரும்பும் துணியில்தான் கரைப்பான் மிஞ்சும். அதனால் கடைக்காரர் “நாளைக்கு வாங்கிக்குங்க” என்றால் முகம் சுளிக்காமல் சரி என்று சொல்லுங்கள். அந்த ஒரு நாள் உங்கள் வீட்டுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.